மாட்டுங்கா முகவரி

1

நான் மெல்பர்னுக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்தைந்து வருடம் முடிகிறது. கேக் வாங்கலாமா என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்று நான் சொன்ன விதத்தைப் பார்த்து, அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கொண்டாடும்படி ஒன்றுமில்லை. எங்கள் தாராவி வீடு கையைவிட்டுப் போகிறது. அதற்குக் காரணம் நான். மும்பைத் தமிழர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேராவது நான் செய்த காரியத்தைச் செய்திருப்பீர்கள். மீதிப் பேரின் வீட்டில் யாராவது செய்திருப்பார்கள்.

பேச்சு தொடங்கியது அலுவலகத்தில். நகரத்தின் மேற்குப் பக்கத்துக்குக் குடிநீர் வழங்கும் நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வருடத்துக்கு நாலைந்து பயிலரங்கு வைப்பார்கள். முதுகு பிடிக்காமல் பெட்டி தூக்குவது எப்படி, கோபமாக இருக்கும் வாடிக்கையாளரிடம் பேசுவது எப்படி என்கிற ரகம். போய் உட்கார்ந்து, பிஸ்கட் தின்று, வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். போன குளிர்காலத்தில் நடந்தது வேறு மாதிரி. ஆஸ்திரேலியப் பூர்வகுடியான அபாரிஜினல் பெண் ஒருவர் நடத்தினார். உள்ளது உள்ளபடி இருப்பது, மண்ணோடு நமக்குள்ள உறவு, இவை இரண்டும்தான் பொருள்.

அவர் பெயர் டெப். ஏறக்குறைய என் வயது. முழங்கால் வலி போலிருக்கிறது, உட்காரும்போதும் எழும்போதும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். எங்களைக் கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால், சிமெண்ட் பூசிய வாய்க்கால் ஓரமாக வட்டமாக உட்கார வைத்தார். தன் மக்களின் பெயரையும் அவர்களுடைய ஆற்றின் பெயரையும் முதலில் சொன்னார். தமிழில் தப்பாக எழுதிவிடுவேன் என்ற பயத்தில் அவற்றை இங்கே எழுதவில்லை.

'கன்ட்ரி' என்று அவர்கள் சொல்வது பாஸ்போர்ட்டில் இருக்கும் நாட்டை அல்ல. மண், தண்ணீர், அங்கே பிறந்தவர்கள், இறந்தவர்கள், அதற்கு நாம் செய்ய வேண்டியது எல்லாம் சேர்ந்த ஒன்று. நமக்கு 'ஊர்' என்றொரு சொல் இருப்பதால் எனக்குச் சட்டென்று புரிந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டேவிட்டுக்குச் சாப்பாட்டு நேரம்வரை புரியவில்லை.

"நாம் இருப்பது தண்ணீர் அலுவலகம்" என்றார் டெப். "அதனால் நீங்கள் எந்தத் தண்ணீரில் வளர்ந்தீர்கள் என்று சொல்லி உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்."

ஒருத்தி டான்யூப் நதி என்றாள். டேவிட், அப்பாவின் பண்ணையில் இருந்த மழைநீர்த் தொட்டி என்றான். என் முறை வந்தது.

"தாமிரபரணி" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், யோசிக்கவே இல்லை. நாக்கு பழகிய பொய் அது. வாப்பாவின் ஊர் தாமிரபரணிக் கரையில்தான் இருக்கிறது. அங்கே நான் மூன்று முறை போயிருக்கிறேன், ஒரு கல்யாணத்துக்கும் இரண்டு மையத்துக்கும், அதாவது சாவுக்கும்.

டெப் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே கேட்டார். "மழைக்காலத்தில் எதுவரை ஏறும்?"

எனக்குத் தெரியவில்லை. "நிறைய ஏறும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார். சந்தேகப்பட்டது போலவே தெரியவில்லை. எனக்குத்தான் காது சுட்டது. ஏனென்றால் நான் வளர்ந்த தண்ணீர் எதுவரை ஏறும் என்று எனக்கு விரற்கடை சுத்தமாகத் தெரியும். எங்கள் கோலியில், அதாவது பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், மேலே பலகைத் தளத்துக்குப் போக ஓர் இரும்பு ஏணி உண்டு. அந்தத் தளத்தை மாலா என்போம். மழை பிடித்து மூன்று நாள் அடித்தால் நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் பொங்கி ஏணியின் மூன்றாவது படிவரை வரும். உம்மா அரிசி டின்னை நாலாவது படியில் கட்டி வைப்பாள்.

2

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். தாராவியும் மாட்டுங்காவும் தொட்டுக்கொண்டு கிடக்கின்றன, நடுவில் ரயில் பாதை. மாட்டுங்காவில் கோயில், சபா, நல்ல பள்ளிக்கூடம், வாழையிலை, மல்லிகைப்பூ. ஆபீஸ் போகும் தமிழர்கள் அங்கே இருந்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள்.

தாராவி என்று எழுதிய விண்ணப்பத்தை எந்த ஆபீஸிலும் பிரிக்க மாட்டார்கள் என்று எங்கள் சந்தில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே படித்த பையன்கள், பெண்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கடித முகவரி இருந்தது. எனக்கு மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு காப்பிப்பொடிக் கடை. கடைக்காரர் பாலக்காட்டுக்காரர், நாங்கள் சுவாமி என்று கூப்பிடுவோம். எங்கள் பெயருக்கு வரும் கடிதங்களை ஒரு செருப்பு அட்டைப் பெட்டியில் போட்டு வைப்பார். சனிக்கிழமை சாயங்காலம் போய்ப் பொறுக்கிக்கொள்ள வேண்டும்.

"இந்த வாரம் உனக்கு ஒண்ணும் வரலைடா. அந்தோணிக்கு மூணு வந்திருக்கு, அவன்கிட்ட சொல்லிடு" என்பார்.

அந்தப் பெட்டிக்குள் எங்கள் சந்து முழுவதும் மாட்டுங்காவாசிகளாக இருந்தோம். சுவாமி ஒரு பைசா வாங்கியதில்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்தார், நல்லதுதான் செய்தார். அந்த முகவரியால்தான் எனக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது.

பொய் சொல்கிறோம் என்று யாருக்கும் உறுத்தவில்லை. மழைக்குக் குடை எடுத்துப் போகிற மாதிரி எடுத்துப் போனோம். நான் ஒரு படி மேலே போய்விட்டேன். ஆபீஸில் யாராவது ரயிலில் கூட வந்தால், தாராவிப் பக்கம் இறங்காமல் மாட்டுங்கா பக்கம் இறங்கி, கடைவீதியில் ஒரு சுற்று சுற்றி, அவர்கள் போன பிறகு பாலம் ஏறித் திரும்பி வருவேன். அப்படி ஐந்து வருடம் நடந்திருக்கிறேன்.

3

ஆஸ்திரேலிய வேலை வந்தபோது பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருந்தது. போலீஸ் விசாரணைக்கு வரும். மாஹிமில் ஓர் ஏஜெண்ட், "தாராவின்னா ஆறு மாசம் இழுப்பான், கம்பெனி காத்திருக்குமா?" என்று கேட்டான். அவனே வழியும் சொன்னான். என் பெயரை மட்டும் ரேஷன் கார்டிலிருந்து பிரித்தால் கேள்வி வரும், குடும்பத்தோடு மாட்டுங்காவுக்குக் குடிபோய்விட்டதாக மொத்தக் கார்டையும் மாற்றிவிட்டால் சுத்தமாக இருக்கும் என்றான். சுவாமியின் கடைக்கு மேலே ஒரு பழைய அறை இருந்தது. அந்த அறைக்கு நாங்கள் நாலு பேரும் குடிபோனோம், தாளில்.

வாப்பா தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். பேச்சு குறைவு. அன்றைக்கு விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"இருக்க இடத்துல இல்லன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுதியேல" என்றார்.

"சும்மா ஒரு தாளுதான் வாப்பா. நான் போன பொறவு மாத்திக்கிடலாம்."

"நாளைக்கு எவனாவது வந்து கேட்டா?"

"யாரு வரப்போறா இங்க?"

கையெழுத்துப் போட்டார். நான் பேனாவை நீட்டியதும் அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டதும் நன்றாக நினைவிருக்கிறது. விசாரணைக்கு வந்த போலீஸ்காரரிடம் சுவாமி, "ஆமாம், இவா மாடியிலதான் இருக்கா" என்று சொல்லிக் காப்பியும் கொடுத்தார். கார்டு திரும்பத் தாராவிக்கு வர மூன்று வருடம் ஆனது. அதற்குள் நான் இங்கே வேரூன்றியிருந்தேன். நினைவுபடுத்தக்கூட இல்லை, வாப்பாதான் அலைந்து மாற்றினார்.

4

பயிலரங்கின் பிற்பகலில் டெப் தன் கதையைச் சொன்னார். அவர் அம்மாவை ஆறு வயதில் அரசாங்கமே வண்டியில் ஏற்றித் தூரத்து விடுதியில் கொண்டுபோய் விட்டது. பிறகு எத்தனையோ வருடம் கழித்து, அவர் குடும்பம் நிலத்தைக் கேட்டுச் சட்டப்படி போனபோது, விட்டுப் போகாமல் தொடர்ந்து அங்கேயே இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். அரசாங்கத்தின் பதிவேட்டில் அம்மாவின் இருப்பிடம் அந்த விடுதி. அதைக் காட்டியே தொடர்ச்சி அறுந்துவிட்டது என்றார்கள். டெப் அழவில்லை. பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே, பலமுறை சொல்லித் தேய்ந்த குரலில் சொன்னார்.

திரும்பும் ரயிலில் இருந்தபோது ராத்தா கூப்பிட்டாள். மும்பையில் அப்போது மதியம். ராத்தா என் அக்கா, பெயர் ஜுலைகா. கல்யாணத்துக்குப் பிறகும் அதே வீட்டில்தான் இருந்தாள்; வாப்பா, உம்மா, மச்சான் எல்லோரும் மவுத்தாகி, இப்போது மகள் ரிஸ்வானாவோடு இருக்கிறாள். மாலாவில் மூன்று பெண்களைக் கூட்டி வைத்துக்கொண்டு பைகளுக்கு உள்துணி தைத்துப் பட்டறைகளுக்குக் கொடுக்கிறாள். தாராவியை இடித்துக் கட்டப் போவதாக நடக்கும் கணக்கெடுப்பு எங்கள் சந்துக்கு வந்திருந்தது.

"ஏல செய்யது, சர்வேக்காரன் வந்துட்டுப் போயிட்டான். கதவுல நம்பர் எழுதல."

"ஏன் ராத்தா?"

"தாள் கேக்கான். அவன் ஒரு தேதி வச்சிருக்கான், அந்தத் தேதியில இங்க இருந்தோம்னு தாள் காட்டணுமாம். கார்டக் குடுத்தேன். அப்போ நீங்க மாட்டுங்காலல்லா இருந்திருக்கிய, பொறவுதான இங்க வந்திருக்கியன்னு சொல்லுதான்." தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அம்பத்திநாலு வருசமா இந்தக் கோலியிலதான் கெடக்கேன். என்னப் பாத்துப் பொறவு வந்தவன்னு சொல்லுதான்."

அவன் வைத்திருந்த தேதி, எங்கள் கார்டு மாட்டுங்காவில் இருந்த அந்த மூன்று வருடத்துக்குள் விழுந்திருந்தது. மின்சார ரசீது, வாப்பாவுக்கு அறையை விற்றவரின் பெயரில் இருந்தது. அவர் விக்ரோலிக்குப் போய் அங்கேயே காலமாகிவிட்டார். கார்டு மாட்டுங்காவுக்குப் போனதும் வாக்காளர் பட்டியலிலும் பெயரை எடுத்துவிட்டார்கள். தகுதி உண்டென்றால் தாராவியிலேயே புது வீடு, இல்லை என்று முடிவானால், செம்பூரையும் தாண்டிக் குப்பைமேட்டுப் பக்கம் எங்கோ ஓர் அறை வாடகைக்குத் தருவார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். அங்கே பட்டறை இல்லை, தையல் இல்லை.

"நீ எழுதிக் குடுல" என்றாள் ராத்தா. "மாட்டுங்கா போனது பொய், பாஸ்போர்ட்டுக்காக நாந்தான் மாத்துனேன், எங்க குடும்பம் இங்கதான் இருந்துச்சுன்னு சத்தியம் பண்ணி எழுதிக் குடு. வேற ஒண்ணும் வேண்டாம்."

5

உடனே எழுதினேனா? இல்லை. பதினொரு வாரம் எழுதவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் குறிப்பும் இன்னொரு மாட்டுங்கா முகவரி ஆகிவிடும்.

வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். பொய் முகவரி கொடுத்துப் பாஸ்போர்ட் வாங்கினேன் என்று நானே எழுதிக் கொடுத்தால், அதன்மேல் வாங்கிய விசா, குடியுரிமை எல்லாவற்றையும் யாராவது கிளறலாம் என்றார். "கிளறாமலும் போகலாம். நானாக இருந்தால் எழுத மாட்டேன்" என்றார். எனக்கு வேண்டிய பதிலைச் சொன்னதால் அவரை நல்ல வக்கீல் என்று நினைத்தேன்.

ராத்தாவிடம் செம்பூரில் நல்ல ஃபிளாட் பார்த்து வாடகைக்கு எடுத்துத் தருவதாகச் சொன்னேன். லிஃப்ட் இருக்கும், மழைக்குத் தண்ணீர் ஏறாது என்றேன்.

"எனக்கு ஃபிளாட்டு வேண்டாம்ல. நான் இங்க இருந்தேன்னு ஒரு தாளு குடு" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பயிலரங்கின் இரண்டாம் அமர்வுக்கு டெப் மறுபடி வந்தார். முடிந்ததும் அவர் நாற்காலிகளை மடக்க உதவப் போய், எல்லாவற்றையும் சொன்னேன். தாமிரபரணி பொய் என்று சொன்னேன். கார்டு, தேதி, ராத்தா எல்லாம் சொன்னேன். கடைசியில், "உங்கள் அம்மாவுக்கு நடந்ததுதான் எங்களுக்கும் நடந்திருக்கிறது" என்றேன். அவர் கண்ணில் கொஞ்சம் இரக்கம் எதிர்பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது.

டெப் நாற்காலியைக் கீழே வைத்தார்.

"என் அம்மாவை ஏற்றிக்கொண்டு போனார்கள்" என்றார். "நீங்கள் உங்கள் குடும்பத்தை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்."

நான் அடுத்த நாற்காலியை மடக்கினேன்.

"உங்கள் அக்கா கேட்டதைச் செய்தீர்களா?"

"யோசித்துக்கொண்டிருக்கிறேன்."

"சரி" என்றார். அவருக்கு இரண்டு மணிக்கு வேறோர் அலுவலகத்தில் வகுப்பு இருந்தது. கார்வரை நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனேன். நன்றி சொன்னார், கதவைச் சாத்தினார், போய்விட்டார்.

அந்த வாரம்தான் எழுத உட்கார்ந்தேன். ஆங்கிலத்தைச் சரிபார்க்க மகள் நஸ்ரினிடம் கொடுத்தேன். இங்கேயே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், தமிழ் காதில் விழுந்தால் புரியும், வாயில் வராது. பள்ளியில் அப்பாவின் ஊர் என்று ஒரு பாடத்துக்குக் கிங்ஸ் சர்க்கிளைப் படமாக வரைந்து நட்சத்திரம் வாங்கியவள். வட்டமான தோட்டம், பூக்கடை, மாடியில் ஒரு ஜன்னல். ஜன்னலில் சின்னப் பையனாக நான். எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது.

படித்து முடிக்கும்வரை அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அந்த ஜன்னல்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அங்கே நான் இருந்ததில்லை."

"ஒரு நாள்கூட?"

"ஒரு நாள்கூட."

இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தி, அச்செடுத்து, என் கையில் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். அதன் பிறகு என்னிடம் எது கேட்டாலும், பதில் வந்ததும், "உண்மையாகவா?" என்று ஒருதரம் கேட்கிறாள். ரயில் எத்தனை மணிக்கு என்பதற்குக்கூட.

6

தபாலில் அனுப்ப மனம் வரவில்லை, மும்பைக்கு நேரிலேயே போனேன். மாஹிம் பக்கம் ஒரு கட்டடத்தின் மாடியில் கணக்கெடுப்பு பற்றிய முறையீடுகளைக் கேட்டார்கள். ராத்தா புர்காவைச் சரிசெய்துகொண்டு, பிளாஸ்டிக் உறையில் அறுபது தாள்களோடு வந்திருந்தாள். வாப்பாவின் பட்டறை அடையாள அட்டை, மச்சானின் மரணச் சான்றிதழ், ரிஸ்வானாவின் தடுப்பூசி அட்டை என்று எதையும் விடவில்லை. அதிலே அந்தத் தேதிக்கு உதவுவது ஒன்றும் இல்லை. கிங்ஸ் சர்க்கிளில் சுவாமியும் இல்லை. கடை இருந்த இடத்தில் ஃபோன் உறை விற்கிறார்கள்.

அதிகாரி நடுவயதுக்காரர். மரியாதையானவர், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். என் சத்தியத் தாளை இரண்டு முறை படித்தார். மராத்தி வாடை அடிக்கும் இந்தியில் நிதானமாகப் பேசினார்.

"கார்டு மாற்றியபோதும் சொன்னதெல்லாம் உண்மை என்று உங்கள் குடும்பம் கையெழுத்துப் போட்டிருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு நீங்களும் போட்டிருக்கிறீர்கள். இதிலும் போட்டிருக்கிறீர்கள். நான் எதை எடுத்துக்கொள்வது?"

"இதுதான் உண்மை சார்."

"அதிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது." தாளை மேசையில் வைத்தார். "அன்றைக்கு உங்களுக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. இன்றைக்கு வேறு காரியம் ஆகவேண்டும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்."

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை. நானாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். "மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் தண்ணீர் ஏணியின் மூன்றாவது படிவரை ஏறும்" என்றேன். "அந்தத் தேதி வந்த வருடமும் ஏறியது. அரிசி டின்னை நாலாவது படியில் கட்டியிருந்தோம் என்று வாப்பா கடிதத்தில் எழுதினார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கடிதம் இருக்கிறதா?"

இல்லை. ஏழு வீடு மாறியதில் எங்கோ எறிந்துவிட்டேன்.

"நீங்கள் அந்த வீட்டில் இருந்தவர் என்று எனக்குத் தெரிகிறது" என்றார். "எனக்குத் தெரிந்தால் போதாது, தாளில் இருக்க வேண்டும்."

மாடிப்படி இறங்கும்போது ராத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தலை சுற்றுகிறது போல என்று நினைத்தேன். பார்த்தால் அழுதுகொண்டிருந்தது நான்தான்.

"விடுல. நீ எழுதிக் குடுத்துட்டியே, அது போதும்" என்றாள். அது போதாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒன்பது நாள் கழித்துப் பட்டியல் வந்தது. எங்கள் வீட்டுக்கு நேராகத் தகுதி இல்லை என்று போட்டிருந்தது.

7

நான் கிளம்ப வேண்டிய நாள் காலையில் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மேலே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ராத்தா ஸ்டவ்வில் சாயா போட்டுக்கொண்டிருந்தாள். ஏணி அப்படியேதான் இருக்கிறது, மூன்றாவது படிக்குக் கீழே துரு, மேலே வழவழப்பு. ரிஸ்வானா அதன் அடியில் உட்கார்ந்து ஃபோனில் ஏதோ நிரப்பிக்கொண்டிருந்தாள். பி.காம். முடித்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. ஆகவே இதை அவள் படிக்கப்போவதில்லை. நாலாவைத் தாண்டினால் பாந்த்ராவின் கண்ணாடிக் கட்டடங்கள். அவற்றில் ஒன்றில் வேலைக்கு விண்ணப்பம்.

"உம்மா, அட்ரஸ் க்யா டாலூன், என்ன போட?" என்று கேட்டாள்.

ராத்தா திரும்பவே இல்லை. "மாட்டுங்கான்னு போடு" என்றாள். சீனி டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்மா. தாராவின்னே போடு" என்றேன்.

ரிஸ்வானா தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கேலி இல்லை, கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நீங்க போட்டீங்களா மாமா?"

ராத்தா சாயாவை வடிகட்டினாள். மேலே மெஷின் ஒரு தையல் முடித்து நின்றது. பிறகு ரிஸ்வானா குனிந்து எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

"மாட்டுங்கா பின்கோடு என்ன மாமா?"

மறந்திருக்கவில்லை. சொன்னேன்.